“விரும்பித்தானே போனவள்!”



எமது ஊர்களிலே ஒரு துன்பச் செய்தி பரவும்போது, அதனோடு கூடவே ஒரு தீர்ப்பும் பரவுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்ற ஒரு பெண் கையிற் காசின்றி, உடல்நலம் குன்றித் திரும்பி வந்தால், “பாவம்” என்று முதலிற் சொல்வோம். அடுத்த மூச்சிலே, “அவள் விரும்பித்தானே போனவள், ஆர் பிடிச்சுக் கொண்டு போனது?” என்றும் சொல்லிவிடுவோம். அத்துடன் விசாரணை முடிந்துவிடும். குற்றவாளி யாரென்று தேடவேண்டிய தேவையும் இல்லாமற் போய்விடும்.

இவ்வாரம் அந்த ஒரு வாக்கியத்தை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன். அதை ஆராயுமுன், இவ்விடயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

ஒரு கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கரையோரப் பங்கிலே பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை செபமாலை முடிந்த பின், ஒரு தாயும் மகளும் அறைவீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு வயது 20. தகப்பன் கடலிலே இறந்துவிட்டார். வீடு பாதியிலே நின்றது. வள்ளத்துக்கு வாங்கிய கடனும் இருந்தது. ஊருக்கு ஒரு முகவர் வந்திருக்கிறாராம். வளைகுடா நாடொன்றிலே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையாம். செலவையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். பங்குத்தந்தையின் நற்சாட்சிக் கடிதம் ஒன்றுதான் குறையாம்.

பிள்ளையை எனக்கு நன்கு தெரியும். பாடகர் குழுவிலே பாடுபவள், சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தவள். நல்லொழுக்கம் உள்ளவள் என்று நான்கு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. முகவர் யார், அவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா, ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது, வீசா என்ன வகையானது என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை.

பதினொரு மாதங்களின் பின் அவள் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரி என்பது பொய். ஒரு வீட்டிலே வேலைக்கு விடப்பட்டிருக்கிறாள். போய் இறங்கிய அன்றே கடவுச்சீட்டு வாங்கப்பட்டுவிட்டது. விடியற்காலை தொடக்கம் நள்ளிரவு வரை வேலை. அந்த வீட்டு வேலை முடிந்தால் அவர்களுடைய உறவினர் வீட்டிலும் வேலை. மூன்று மாதச் சம்பளத்தின் பின் சம்பளம் இல்லை. வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, “உன்னைக் காசு கொடுத்தல்லவா எடுத்தோம், அந்தக் காசைத் தந்துவிட்டுப் போ” என்று பதில் வந்தது. கடைசியில் ஒருநாள் குப்பை கொட்டப் போனவள் அப்படியே நடந்து, யாரோ ஒரு சாரதியின் இரக்கத்தால் எமது தூதரகத்தை அடைந்திருக்கிறாள்.

நான் பார்க்கப் போனேன். தாய் கோபிக்கவில்லை. தேத்தண்ணீர் தந்தார். பிறகு, “சுவாமி, நீங்கள் கடிதம் தந்தபடியால்தான் நாங்களும் துணிஞ்சு விட்டனாங்கள்” என்றார். குற்றஞ்சாட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே இருந்து பிறர் குற்றங்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, அன்று என் குற்றத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்கவேண்டி வந்தது.

அடுத்த ஞாயிறு கோவில் வளவிலே ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: “விரும்பித்தானே போனவள்!” சொன்னவர் கெட்டவர் அல்லர். கோவில் வேலைகளில் முன்நிற்பவர். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்ல முயல்கின்றேன்.

விருப்பம் என்றால் என்ன?

குருமடத்திலே ஒழுக்கவியல் படிக்கும்போது, அரிஸ்டோட்டில் என்ற கிரேக்க ஞானி தந்த ஓர் உதாரணத்தை எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நடுக்கடலிலே புயல் அடிக்கின்றது. கப்பல் தாழாமல் இருக்கவேண்டி மாலுமி சரக்கைக் கடலிலே எறிகின்றான். அவன் விரும்பித்தான் எறிந்தானா? கையைப் பிடித்து எவரும் எறிவிக்கவில்லை. ஆகவே விருப்பம் உண்டு. ஆனால் புயல் இல்லாவிட்டால் எந்த மாலுமியும் தன் சரக்கைக் கடலில் எறியான். ஆகவே அது முழு விருப்பமும் அன்று. இத்தகைய செயல்களைக் கலப்பான செயல்கள் என்றார் அந்த ஞானி.

கடலோடு வாழும் எமக்கு இது விளங்காத உதாரணம் அன்று. கடன், முடியாத வீடு, தங்கையின் திருமணம் என்று அடிக்கின்ற புயலிலே தன் ஊரையும் உறவையும் விட்டுப் போகும் பெண்ணும் அப்படித்தான். போவதை அவள் தெரிந்துகொண்டாள் என்பது உண்மை. ஆனால் அவள் தெரிந்துகொண்டது எதை?

இங்கேதான் புனித தோமஸ் அக்குவினாஸ் எமக்கு உதவுகின்றார். மனித சித்தம் அறிவைப் பின்பற்றிச் செல்வது. அறியாத ஒன்றை எவனும் விரும்ப முடியாது என்பது அவர் போதனை. ஆகவே வன்முறை, அச்சம், அறியாமை ஆகியவை ஒரு செயலின் சுதந்திரத்தை எவ்வளவு குறைக்கின்றன என்று அவர் தனித்தனியே ஆராய்ந்தார். அந்தப் பிள்ளை விரும்பியது ஆஸ்பத்திரி வேலையை. அவளுக்குக் கிடைத்ததோ பூட்டிய வீடு. அந்த வீட்டுக்கு அவள் ஒருபோதும் சம்மதம் கொடுத்தவள் அல்லள்.

எமது குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. திருமணத் திருப்பலியிலே, வாக்குறுதி கொடுக்குமுன், சுதந்திரமாக வந்திருக்கிறீர்களா என்று மணமக்களைக் குருவானவர் கேட்கின்றார். பலாத்காரத்தினாலோ கடுமையான அச்சத்தினாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். ஆயிரம் பேர் பார்க்க அவள் “ஓம்” என்று சொல்லியிருக்கலாம். அந்த “ஓம்” சுதந்திரமானதாக இல்லையென்றால் அங்கே திருமணமே இல்லை. ஓர் இல்லறத்துக்கு நாம் வைத்திருக்கும் இந்த அளவுகோலை, ஓர் ஏழைப் பெண்ணின் உழைப்புக்கு ஏன் வைக்காமல் விட்டோம்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “வறுமையால் செய்வதெல்லாம் சுதந்திரமற்றது என்றால், உலகில் யார்தான் சுதந்திரமாக வேலை செய்கிறார்கள்? எத்தனையோ பேர் வெளிநாடு போய் உழைத்து வீடு கட்டவில்லையா, பிள்ளைகளைப் படிப்பிக்கவில்லையா?” உண்மைதான். அவர்களுடைய வியர்வையை இழிவுபடுத்த நான் எண்ணவில்லை. கஷ்டமான வேலையெல்லாம் அடிமைத்தனம் ஆகாது. குறைந்த சம்பளம் அநீதியாக இருக்கலாம், ஆயினும் அதுவும் அடிமைத்தனம் அன்று. அப்படியானால் எல்லைக்கோடு எங்கே இருக்கின்றது?

அவள் தொடக்கத்திலே “ஓம்” சொன்னாளா என்பதிலே அது இல்லை. பின்னர் அவளால் “இல்லை” என்று சொல்ல முடிந்ததா என்பதிலேதான் இருக்கின்றது. உழைப்பாளி ஒருவர் வேலை பிடிக்காவிட்டால் நட்டத்தோடாவது எழுந்து வீட்டுக்குப் போகலாம். கடவுச்சீட்டை இன்னொருவர் அலுமாரியில் பூட்டிவைத்திருக்க, தீராத கடன் ஒன்று தலையிலே ஏற்றப்பட்டிருக்க, வெளிக்கதவின் திறப்பு வேறொருவர் இடுப்பிலே தொங்க, “இல்லை” என்று சொன்னாலும் அதைக் கேட்பதற்கு எவருமில்லாமல் இருப்பவள் உழைப்பாளி அல்லள். அவள் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் அடிமைதான்.

சட்டம் சொல்வது

1844ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் சங்கிலி போய்க் கடன் வந்தது. மலையகத் தோட்டங்களிலே கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகி, அக்கடனைக் காட்டும் “துண்டு” இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 1921ஆம் ஆண்டிலேதான் அந்தத் துண்டுமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. இன்று கடவுச்சீட்டும் முகவர் கட்டணமும் அதே வேலையைச் செய்கின்றன. சர்வதேசத் தொழில் நிறுவனமும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டிலே உலகில் 4 கோடியே 96 இலட்சம் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தனர். அவர்களுள் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய வேலையிலும், ஏனையோர் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியவர்கள்.

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ஓர் உடன்படிக்கை பலேர்மோ நகரின் பெயரால் அழைக்கப்படுகின்றது. மனித வியாபாரம் என்ன என்பதை அது மூன்று கேள்விகளால் வரையறுக்கின்றது. என்ன செய்தார்கள்? ஆளைச் சேர்த்தல், கொண்டு செல்லுதல், கைமாற்றுதல், ஒளித்து வைத்தல். எப்படிச் செய்தார்கள்? பலாத்காரம், அச்சுறுத்தல், ஏமாற்று, பிறருடைய ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்துதல். எதற்காகச் செய்தார்கள்? பிறருடைய உடலையோ உழைப்பையோ சுரண்டுவதற்காக. இவை மூன்றும் இருக்குமானால், பாதிக்கப்பட்டவர் சம்மதம் கொடுத்தார் என்பது கணக்கில் எடுக்கப்படாது என்று அந்த உடன்படிக்கை தெளிவாகச் சொல்கின்றது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின், இரண்டாவது கேள்வியைக் கேட்கவே தேவையில்லை. ஏமாற்று இல்லாவிட்டாலும் அது குற்றமே.

எமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி இது 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பலேர்மோ உடன்படிக்கையை இலங்கை 2015ஆம் ஆண்டிலே உறுதிப்படுத்தியது. வன்முறை, அச்சம், அறியாமை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஒரு துறவி எழுதிவைத்ததும், சட்டவல்லுநர்கள் இறுதியில் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய ஒரே இடந்தான்.

இந்த வலையிலே பெண்கள் மாத்திரம் விழுகின்றார்கள் என்று எண்ணவேண்டாம். 2022ஆம் ஆண்டிலே, வருகை வீசாவில் ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் கைமாற்றப்பட்ட செய்தி நாட்டையே அதிரவைத்தது. அதைத் தொடர்ந்து, கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட படித்த இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலே இணையவழி மோசடி செய்யும் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2024ஆம் ஆண்டிலே, நல்ல சம்பளம் என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன முன்னாள் படைவீரர் பலர் உக்ரேன் போர்முனையிலே நிறுத்தப்பட்டார்கள். இவர்கள் எல்லோரும் விமானத்திலே தாமாகவே ஏறினார்கள். எல்லோரும் “விரும்பித்தானே” போனார்கள்!

விலையும் மதிப்பும்

ஏமாற்று இல்லையென்றே வைத்துக்கொள்வோம். ஒருவன் எல்லாம் அறிந்து, தன்னையே விற்கச் சம்மதித்தால், அந்த விற்பனை சரியாகுமா? ஆகாது. ஒன்றுக்கு விலை இருந்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். மனிதனுக்கு ஈடாக வைக்க எதுவும் இல்லை, ஆதலால் அவனுக்கு இருப்பது விலை அன்று, மாண்பு என்று ஜேர்மனிய தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1785ஆம் ஆண்டிலே எழுதினார். அவர் பகுத்தறிவினால் கண்டதை, எமது பாட்டிமார் ஞானோபதேசத்தினால் அறிந்திருந்தார்கள். மனிதன் இறைவனுடைய சாயலாகப் படைக்கப்பட்டவன். தன் உயிருக்கே தான் சொந்தக்காரன் அல்லாதவன், அதை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுப்பது எப்படி? 1965ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், அடிமைத்தனத்தையும் பெண்கள் சிறுவர் விற்பனையையும், மனிதரை இலாபத்துக்கான கருவிகளாக நடத்தும் தொழில் நிலைமைகளையும் ஒரே வரிசையிலே வைத்துக் கண்டித்தது. இவை படைத்தவருக்கே செய்யப்படும் அவமதிப்பு என்றும், துன்புறுவோரிலும் பார்க்கத் துன்புறுத்துவோரையே அதிகம் கறைப்படுத்துகின்றன என்றும் போதித்தது.

தொடக்கநூலிலே யோசேப்பின் கதையை நினைத்துப் பாருங்கள். அவனை விற்றவர்கள் அந்நியர் அல்லர், உடன்பிறந்த சகோதரர்கள். விலை 20 வெள்ளிக்காசு. கொன்றால் என்ன பயன், விற்றால் காசாவது வரும் என்பது யூதா சொன்ன நியாயம். அதைவிட என் மனதைத் தைப்பது இன்னொரு செய்தி: தம்பியைக் குழியிலே போட்டபின் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழியிலிருந்து அழுகை வந்திருக்கும். ஆனாலும் அவர்கள் சாப்பிட்டார்கள். பிறகு ஓர் அங்கியை இரத்தத்திலே தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்பினார்கள். கண்டெடுத்தோம் என்று சொன்னார்கள். தாங்கள் செய்ததைச் சொல்லவில்லை. “அவள் விரும்பித்தானே போனவள்” என்பதும் அத்தகைய ஓர் அங்கிதான்.

பகீத்தா சொன்ன “இல்லை”

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 8ஆம் திகதி மனித வியாபாரத்துக்கு எதிரான செப நாளாகத் திருச்சபையில் அனுசரிக்கப்படுகின்றது. 2015ஆம் ஆண்டிலே அது தொடங்கியது. அன்று புனித யோசபின் பகீத்தாவின் திருநாள். சூடான் நாட்டின் டார்பூர்ப் பகுதியிலே ஏறக்குறைய 1869ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது வயல்வெளியிலே இரு அந்நியர்கள் வந்து, காட்டோரத்திலே தாங்கள் விட்டுவந்த ஒரு பொதியை எடுத்து வரும்படி கேட்டார்கள். பெரியவர்கள் கேட்டால் செய்துகொடுக்கும் நல்ல பிள்ளை. போனாள். அங்கே வைத்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கவனியுங்கள்: அவளும் தன் கால்களால் நடந்துதான் போனாள்.

பயத்தினால் தன் சொந்தப் பெயரையே அந்தச் சிறுமி மறந்துபோனாள். “பகீத்தா”, அதாவது அதிர்ஷ்டசாலி என்ற பெயர் பிடித்தவர்கள் வைத்தது. பலமுறை விற்கப்பட்டாள். ஒரு வீட்டிலே, அழகுக்கென்று, அவள் உடலிலே நூற்றுக்கு மேற்பட்ட கோலங்களைக் கத்தியாற் கீறி உப்பைத் தேய்த்தார்கள். பின்னர் இத்தாலியத் துணைத்தூதர் ஒருவர் அவளை வாங்கினார். 1885ஆம் ஆண்டிலே இத்தாலி சென்று, வேறொரு குடும்பத்திலே குழந்தைக்குத் தாதியானாள்.

அந்தக் குடும்பத்தார் கொடியவர் அல்லர். அவளை நல்லமுறையிலே நடத்தினார்கள். வெனிஸ் நகரிலே கனோசியன் சகோதரிகளிடம் அவளைச் சிலகாலம் விட்டும் இருந்தார்கள். ஆனால் எஜமானி மீண்டும் வந்து ஆபிரிக்காவுக்கு அழைத்தபோது, பகீத்தா “இல்லை” என்றாள். எஜமானிக்கு அது நன்றிகேடாகத் தோன்றியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1889ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி தீர்ப்பு வந்தது: இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்பதில்லை, அவள் சுதந்திரப் பெண், எங்கே வாழ்வதென்பதை அவளே தீர்மானிக்கலாம். 1890 ஜனவரி 9ஆம் திகதி அவள் திருமுழுக்குப் பெற்றாள். பின்னர் துறவியாகி, ஸ்கியோ நகரிலே கதவு திறக்கும் சகோதரியாக நெடுங்காலம் பணிசெய்து, 1947ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி இறந்தார். 2000ஆம் ஆண்டிலே புனிதராக உயர்த்தப்பட்டார்.

சவுக்கோடு நின்ற எஜமானைத் தீயவன் என்று காண்பது எளிது. அன்பாக நடத்திய எஜமானியும் “நீ போக முடியாது” என்றுதான் சொன்னாள் என்பதை வாசகர் மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு அடுக்களை

ஏனெனில் அந்த எஜமானி எங்கள் வீடுகளிலும் இருக்கக்கூடும். மலையகத்திலிருந்தோ, வன்னியின் ஓர் ஏழைக் கிராமத்திலிருந்தோ ஒரு சிறுமியைக் கூட்டிவந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, “எங்கள் பிள்ளைபோலத்தான் வைத்திருக்கிறோம்” என்று சொல்லும் குடும்பங்கள் எமக்குள்ளும் உண்டு. எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது இவள் ஏன் போகவில்லை? எங்கள் பிள்ளை மேசையிலே சாப்பிடும்போது இவள் ஏன் அடுக்களையிலே சாப்பிடுகிறாள்? நாளைக்கே “நான் வீட்டுக்குப் போகப் போகிறேன்” என்று அவள் சொன்னால், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புவோமா, அல்லது அவள் தாய்க்குக் கொடுத்த முற்பணத்தைப் பற்றிப் பேசுவோமா? வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டிலே 14 இலிருந்து 16 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. மனச்சாட்சி சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வயதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு துயரத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டிலே மூதூரிலிருந்து சவுதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போன ஏழை முஸ்லிம் சிறுமியை நாடறியும். பிறப்புச் சான்றிதழின்படி அவளுக்கு வயது 17; கடவுச்சீட்டின்படி 23. போய்ச் சில வாரங்களுக்குள் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. திகதியை மாற்றி எழுதிய கைக்கு அது சில நிமிட வேலையாகத்தான் இருந்திருக்கும். என் நான்கு வரிக் கடிதத்தைப் போல.

தீமைக்கு உடந்தையாவதிலும் படிகள் உண்டு என்று ஒழுக்கவியல் போதிக்கின்றது. வாங்குபவன், விற்பவன் முதற்படியிலே நிற்கின்றார்கள். ஆள்கூட்டிக் கொடுத்துத் தரகு வாங்குபவர், பொய்ப் பத்திரம் செய்பவர், “நல்ல முகவர்தான், நம்பி விடுங்கோ” என்று விசாரியாமற் சிபாரிசு செய்பவர், கேள்வி கேட்கவேண்டிய இடத்திலே கேளாமல் முத்திரை குத்துபவர் ஆகியோர் அடுத்தடுத்த படிகளிலே நிற்கின்றார்கள். நான் நின்ற படி எதுவென்று எனக்குத் தெரியும். உங்களுடையதை நீங்கள் ஆராய்ந்து பாருங்கள்.

என்ன செய்யலாம்?

பெற்றோரே, பிள்ளையை அனுப்புமுன், முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்று விசாரியுங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலேயே கேட்கலாம். வேலைக்குப் போகின்றவரை வருகை வீசாவில் அனுப்புவதாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், வேலைவீட்டு முகவரி ஆகியவற்றின் பிரதியை வீட்டிலே வைத்திருங்கள். கடவுச்சீட்டை எவரிடமும் கொடுத்துவைக்க வேண்டாமென்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பிறந்த திகதியை ஒருநாளேனும் மாற்றச் சம்மதியாதீர்கள். அந்தத் திகதி அவளுக்கு ஒரு கவசம். எங்கேனும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி துன்புறுவதைக் கண்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். அயலவர் வீட்டு விவகாரம் என்று ஒதுங்குவது, குழிக்கரையிலே இருந்து சாப்பிடுவதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வருபவரை வரவேற்கும் முறையை மாற்றுவோம். “எவ்வளவு கொண்டு வந்தாய்?” என்று கேட்கவேண்டாம். “அங்கே என்ன நடந்தது?” என்று துருவித் துருவியும் கேட்கவேண்டாம். அவள் சொல்ல விரும்பும்போது கேட்பதற்கு ஒருவர் இருந்தாற் போதும். தன் “இல்லை”யைக் கேட்பாரற்று வந்தவளுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.

என்னைப் பொறுத்தவரையில், அன்று தொடக்கம் அத்தகைய கடிதம் கேட்டு வருவோரை இருத்தி, அன்று கேளாத கேள்விகளையெல்லாம் கேட்கின்றேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். ஒருசிலர் பதில் தேடப் போய், உண்மையை அறிந்து, பயணத்தையே நிறுத்தியிருக்கின்றார்கள்.

வாசகரே, நாளுக்கு மூன்று முறை கோவில் மணி அடிக்கும்போது நாம் சொல்லும் திரிகாலச் செபம் எதை நினைவூட்டுகின்றது? உலகத்தை மீட்க வந்த இறைவன், நாசரேத்தூர் ஏழைப் பெண் ஒருத்தியிடம் தூதரை அனுப்பி, அவளுடைய கேள்விக்கு உண்மையான பதில் சொல்லி, அவளுடைய சம்மதத்துக்குக் காத்து நின்றார். அனைத்துக்கும் உரியவரே கேட்டார், காத்து நின்றார். அப்படியிருக்க, ஓர் ஏழையின் “ஓம்” என்ற சொல்லை ஏமாற்றிப் பறிக்கவோ, பறிக்கப்பட்டதை அவள் தலையிலேயே பழியாகப் போடவோ நாம் யார்?

அந்தப் பிள்ளை இப்போது தையல் பழகி, தாயோடு இருக்கின்றாள். பாடகர் குழுவிலே மீண்டும் பாடத் தொடங்கிவிட்டாள். கோவில் வளவிலே அந்த வாக்கியம் இனியும் உங்கள் காதிலே விழக்கூடும். விழுந்தால், கோபியாமல் ஒன்றை மாத்திரம் கேளுங்கள்: “விரும்பித்தான் போனவள். திரும்பி வர விரும்பியபோது ஆர் விட்டது?”